மெய்யும் பொறியும்: இடைவினைச் சாதனங்களின் வடிவமைப்பில் எழும் ஓர் அறவினா

‘பொறி’ என்னுஞ் சொல் தமிழில் இருவேறு பொருள்களில் வழங்குகின்றது. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறிகள் எனப்படும். மனிதன் ஆக்கிய இயந்திரமும் பொறி எனப்படும். முன்னையது உலகை மனிதனுக்கு அறிவிப்பது; பின்னையது மனிதனின் எண்ணத்தை உலகில் நிறைவேற்றுவது. அவ்வாறே ‘மெய்’ என்னுஞ் சொல் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். சொற்கள் இருபொருள்பட நிற்பதைக் கொண்டு மெய்யியல் முடிபு எதனையும் நிறுவிவிட முடியாது. எனினும் ஒரு வினாவை எழுப்புதற்கு அவை துணைபுரியும். இயந்திரப் பொறியை ஆக்குவோர் ஐம்பொறிகளுக்கு எத்தகைய இடத்தை அளிக்கக் கடமைப்பட்டுள்ளனர்? உடலின் அசைவையும் தொடுகையையும் புறக்கணித்து ஆக்கப்பட்ட சாதனம் வசதிக் குறைவானது மட்டுந்தானா, அன்றி அறத்தின்பாற்பட்ட குறையும் உடையதா?

இடைவினைச் சாதனம் என்பது, தன்னைப் பயன்படுத்துவோரின் செயலுக்கு மறுவினை காட்டி, அம்மறுவினையால் அவரை மேலும் செயற்படத் தூண்டும் கருவியாகும். கைத்தொலைபேசி, கணினி, விமானியின் செலுத்துகருவி, சத்திரசிகிச்சைக்குரிய இயந்திரக் கரம் ஆகிய யாவும் இவ்வகையின. இவற்றுக்கும் பண்டைய கருவிகளுக்குமிடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. தச்சனின் உளி மரத்தைத் தொடும்போது மரத்தின் வன்மையும் மென்மையும் இழையின் போக்கும் உளியின் வழியே அவன் கையை வந்தடைகின்றன. அதனை எவரும் ஏற்பாடு செய்து வைத்ததில்லை. இரும்பும் மரமும் தம் இயல்பினாற் செய்யும் பணி அது. மின்னணுச் சாதனத்திலோ கைக்கும் செயலுக்குமிடையிலான அவ்வியல்பான தொடர்பு அறுந்துவிடுகின்றது. திரையின்மீது விரலை வைக்கும்போது விரல் உணர்வது கண்ணாடியை மட்டுமே. அத்தொடுகையால் ஒரு கடிதம் அனுப்பப்படினும் ஒரு கப்பல் திசைமாறினும் கண்ணாடியின் தண்மை ஒன்றே. ஆகவே, இத்தகைய சாதனத்திற் கை எதனை உணரும், எதனை உணராது என்பது இயற்கையால் அமைவதன்று; வடிவமைத்தவர் எடுத்த முடிவால் அமைவது. முடிவு எங்குளதோ அங்குப் பொறுப்பும் உளது. உடலுணர்வு பற்றிய வினா அறவினாவாக மாறுவது இவ்விடத்திலேயாம்.

அறிவில் உடலுக்கு இடமுண்டா என்பது மெய்யியலில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. நவீன மேலைநாட்டு மெய்யியலின் தந்தையெனப் போற்றப்படும் டேக்கார்ட், 1641இல் வெளிவந்த தமது ‘தியானங்கள்’ என்னும் நூலில், சிந்திக்கும் பொருளாகிய உள்ளமும் இடத்தில் விரிந்து கிடக்கும் பொருளாகிய உடலும் வேறுவேறானவை என வாதித்தார். இக்கொள்கையின் வலுவற்ற இடத்தைச் சுட்டிக்காட்டியோருள் பொஹீமிய இளவரசி எலிசபெத் குறிப்பிடத்தக்கவர். இடத்தை நிரப்பாத உள்ளம் உடலை அசைப்பது எவ்வாறென 1643இல் அவர் கடிதமூலம் வினவினார். டேக்கார்ட் அளித்த மறுமொழி வியப்புக்குரியது. உள்ளமும் உடலும் ஒன்றுபட்டிருத்தலைத் தனித்திருந்து சிந்திப்பதால் அறிதல் அரிது. அன்றாட வாழ்விலும் உரையாடலிலும் ஈடுபடும்போதே புலன்களால் அது தெளிவாக அறியப்படுகின்றது என்னுங் கருத்துப்பட அவர் எழுதினார். இருமைவாதத்தின் ஆசானே, வாழ்வில் அவ்விருமை தோன்றுவதில்லையென ஒப்புக்கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது. பின்வந்தோர் பலர் அவரது பிரிவினையை ஏற்று, அவ்வொப்புதலை மறந்தனர்.

மறக்கப்பட்டதை இருபதாம் நூற்றாண்டின் மெய்யியலாளர் சிலர் மீண்டும் நினைவூட்டினர். ஆங்கில மெய்யியலாளரான கில்பேட் றைல், 1949இல் வெளிவந்த ‘உளம் பற்றிய எண்ணக்கரு’ என்னும் நூலில், ‘இன்னது இன்னவாறு உள்ளது’ என அறிதலையும் ‘இன்னதைச் செய்வது எவ்வாறு’ என அறிதலையும் வேறுபடுத்தினார். நீந்தத் தெரிந்தவன் நீச்சலின் விதிகளை முதலில் மனத்துள் ஓதிப் பின்னர் கைகால்களை அசைப்பதில்லை. அவனது அறிவு அவனது நீச்சலிலேயே உள்ளது. மைக்கல் பொலன்யி 1966இல் வெளியிட்ட ‘உள்ளுறை அறிவு’ பற்றிய நூலில், மனிதன் சொல்லக்கூடியதைக் காட்டிலும் மிகுதியாக அறிந்திருக்கின்றான் என்றார். துவிச்சக்கர வண்டியை ஓட்டுபவன் சமநிலை காக்கும் விதத்தை விளக்க அறியான், ஆயினும் வீழ்வதில்லை.

இக்கருத்தை ஆழமாக ஆராய்ந்தவர் பிரெஞ்சு மெய்யியலாளரான மேர்லோ பொன்ரி ஆவார். பார்வையற்ற ஒருவரின் கைத்தடியை அவர் 1945இல் வெளிவந்த ‘புலக்காட்சியின் தோற்றப்பாட்டியல்’ என்னும் நூலில் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். தடியைப் புதிதாகக் கையிலெடுத்தவர் உள்ளங்கையில் அதன் அழுத்தத்தை உணர்கின்றார். பழகியபின்னரோ அவர் உணர்வது தடியையன்று. தடியின் நுனி தொடும் தரையையே. தடி அறியப்படும் பொருளாக இருந்த நிலை நீங்கி, அறியும் உடலின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. அறியாத ஓர் ஓர்கனை வாசிக்க வந்த இசைக்கலைஞர், சிறிது நேரம் அதன் முன்னமர்ந்து கட்டைகளையும் மிதிகளையும் பழகிக்கொள்வதையும் அவர் குறிப்பிடுகின்றார். அக்கலைஞர் அவற்றின் இடங்களை மனப்பாடம் செய்வதில்லை; ஒரு வீட்டிற் குடிபுகுவதுபோல அவ்விசைக்கருவியினுட் குடிபுகுகின்றார். நல்ல கருவியின் இலக்கணம் யாதென வினவுவோர்க்கு இவ்விரு எடுத்துக்காட்டுகளும் போதிய விடையாகும். அது தன்னை மறைத்து உலகைக் காட்டுவது.

தமிழ் மரபும் இவ்விடயத்தில் அறியாமையுடையதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி வகுக்கும்போது, உற்றறிதலாகிய தொடுவுணர்வையே முதலாவதாக வைக்கின்றது. அதன்பின் நாவும் மூக்கும் கண்ணும் செவியும் முறையே சேர்கின்றன. மனம் ஆறாவதாக வந்து சேர்கின்றது. இவ்வரிசையிற் கருத்திற்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஆறாம் அறிவு ஏனைய ஐந்தையும் நீக்கி அவற்றின் இடத்தைப் பெறுவதன்று, அவற்றின்மேல் வைத்தெண்ணப்படுவது. மனிதன் மனத்தால் உயர்ந்தவன் என்பதால் தொடுகையால் அறிவதை விட்டவனாகான். இன்றைய பொறியியற் சிக்கல்களுக்கு அந்நூலில் விடைதேடுதல் பொருந்தாது. ஆயினும் அறிவின் அடித்தளம் தொடுகை என்னும் நோக்கு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று என்பதற்கு அது சான்றாகும்.

கணினியின் வரலாறு இந்நோக்கிற்கு முற்றிலும் மாறாகத் தொடங்கியதெனக் கூறுதலும் நேரிதன்று. ஐவன் சதர்லாந்து 1963இல் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆக்கிய ‘ஸ்கெச்பாட்’ என்னும் நிரல், ஒளிப்பேனாவினால் திரைமீது நேரடியாக வரைய இடமளித்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் தமது குழுவினரின் கணினித் தொகுதியைப் பலரறியச் செயற்படுத்திக் காட்டினார். அன்று அவரது வலக்கையிற் சுட்டியும், இடக்கையின்கீழ் ஐந்து கட்டைகள் கொண்ட சிறு பலகையும் இருந்தன. இரு கைகளுக்கும் தனித்தனிப் பணி இருந்தது. நாளடைவிற் சுட்டி பரவிற்று. ஐங்கட்டைப் பலகை மறைந்தது. அப்பிள் நிறுவனம் 2007இல் ஐபோனை வெளியிட்டதன் பின்னர், கைத்தொலைபேசிகளின் கட்டைகள் கண்ணாடியினுட் கரைந்தன. விரல்களால் இழுத்தலும் விரித்தலும் செய்ய அது வழிவகுத்தமை உண்மையே. ஆயினும் பார்வையின் உதவியின்றி விரல் தானே இடமறியும் ஆற்றலை அது பறித்தது. உடலின் பங்கு நீண்டகாலமாகக் கண்ணும் விரல்நுனியும் என்னும் அளவிற்கு ஒடுங்கிற்று.

இவ்வொடுக்கத்தின் விளைவு பொழுதுபோக்குக் கருவிகளில் அவ்வளவாகப் புலப்படாது. உயிர்கள் தங்கியிருக்கும் இடத்திலேயே அது வெளிப்படுகின்றது. 2017 ஓகஸ்ட் 21ஆந் திகதி, சிங்கப்பூரை அண்டிய கடற்பரப்பில், ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் ‘ஜோன் எஸ். மக்கெய்ன்’ என்னும் போர்க்கப்பல் ‘அல்னிக் எம்.சி.’ என்னும் எண்ணெய்க் கப்பலுடன் மோதிற்று. கடற்படையினர் 10 பேர் உயிரிழந்தனர். அப்போர்க்கப்பலின் இரு சுழல்தண்டுகளின் வேகமும் தொடுதிரையொன்றின் மூலம் கட்டுப்படுத்தப்பட்டது. சுக்கான் பணியையும் வேகக் கட்டுப்பாட்டையும் இருவருக்குப் பிரித்தளிக்கும் முயற்சியில், சுக்கானின் கட்டுப்பாடும் அறியாமலே மற்றைய பலகைக்கு மாற்றப்பட்டது. சுக்கானைப் பிடித்தவர் கப்பல் தம் கட்டளைக்கு அடங்கவில்லையென நினைத்தார். இரு வேகக் கட்டுப்பாடுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படாத நிலையில் இருந்தமையால், வேகத்தைக் குறைக்கும்போது ஒருபக்கம் மட்டுமே குறைந்தது. கப்பல் இடப்பக்கமாகத் திரும்பி எண்ணெய்க் கப்பலின் பாதையிற் புகுந்தது.

பழைய முறைப்படி இரு நெம்புகோல்கள் இருந்திருப்பின், ஒன்று முன்னும் மற்றையது பின்னுமாக நிற்பதை இருளிலும் கை அறிந்திருக்கும். இவ்விபத்தை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்ட ஐக்கிய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, போதிய பயிற்சியும் மேற்பார்வையும் இன்மையை முதன்மைப்படுத்தியதோடு, தொடுதிரை இயக்குபவருக்குத் தொடுவுணர்வு வழியான அறிவிப்பை இல்லாமற் செய்ததையும் எடுத்துக்காட்டியது. அவ்வாண்டிலேயே கடற்படை, இத்தகைய கப்பல்களில் மீண்டும் கையாற் பிடித்து இயக்கும் நெம்புகோல்களைப் பொருத்தத் தீர்மானித்தது. இதனிடையே 2018இல் அக்கப்பலின் கட்டளை அதிகாரி இராணுவ நீதிமன்றத்திற் கடமை தவறியமையை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். அத்தீர்ப்பின் சரிபிழையை ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. கவனிக்கவேண்டியது வேறொன்று. கப்பலில் நின்றவர் விடைகூறினார். கையிலிருந்து உணர்வை எடுத்தகற்றிய வடிவமைப்பு எந்நீதிமன்றத்தின் முன்னும் நிற்கவில்லை.

வானூர்தித் துறையிலும் இதனையொத்த சிக்கலொன்று காணப்படுகின்றது. 2009 ஜூன் 1ஆந் திகதி றியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிசு நோக்கிச் சென்ற எயார் பிரான்ஸ் 447ஆம் இலக்க விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தில் வீழ்ந்து 228 பேர் இறந்தனர். வேகத்தை அளக்கும் குழாய்களிற் பனித்துகள்கள் அடைபட்டமையாற் தன்னியக்கச் செலுத்தி விலகிற்று. குழப்பமுற்ற விமானி செலுத்துகோலைப் பின்னோக்கி இழுத்தவண்ணமிருந்தார். விமானம் மூக்கை உயர்த்தித் தூக்குவிசை இழந்து வீழ்ந்தது. அவ்வகை விமானத்தில் இரு விமானிகளுக்கும் பக்கவாட்டிற் சிறு கோல்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று இணைந்து அசைவதில்லை. ஒருவர் இழுப்பதை மற்றவரின் கை அறியாது. நீண்டகாலமாக வழங்கிவந்த இணைந்த செலுத்துகோலில், ஒருவர் கையின் அசைவு மற்றவர் கைக்கும் மடிக்கும் முன்னே தெரியும். சொல்லாமலே இருவர்க்கும் ஓர் உரையாடல் நிகழும். விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றை ஒரு கோலின்மேற் சுமத்துதல் நியாயமாகாது. ஆயினும் இருவர் கூட்டாகப் பொறுப்பேற்கும் பணியில், ஒருவரின் செயல் மற்றவரின் உடலை எட்டாதவாறு அமைக்கப்பட்டமை சிந்தனைக்குரியது.

மூன்றாவது எடுத்துக்காட்டு சத்திரசிகிச்சைக் கூடத்தைச் சார்ந்தது. ‘டாவின்சி’ என்னும் இயந்திரத் தொகுதி 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளியிடமிருந்து சற்று விலகி அமர்ந்திருக்கும் நிபுணரின் கையசைவுகளை இயந்திரக் கரங்கள் நுண்ணிதாக நிறைவேற்றுகின்றன. கைநடுக்கம் நீங்குகின்றது, சிறு துளையின் வழியே பெரும்பணி நிகழ்கின்றது. எனினும் நெடுங்காலம் அத்தொகுதி, இழையம் எவ்வளவு இழுபடுகின்றது என்பதை நிபுணரின் கைக்கு உணர்த்தவில்லை. தையல் நூலின் இறுக்கத்தையும் தசையின் நெகிழ்வையும் கண்ணாற் கண்டு மதிப்பிட அவர்கள் பயின்றுகொண்டனர். உடல் எத்துணை இணக்கமுடையது என்பதற்கு இது சான்று. ஒரு பொறி இழந்ததை மற்றொரு பொறி ஈடுசெய்கின்றது. ஆனால் ஈடுசெய்ய முடிகின்றமை இழப்பு இல்லையென்பதற்குச் சான்றாகாது. 2024இல் அனுமதி பெற்ற புதிய தொகுதியில் விசையைக் கைக்குத் திருப்பியளிக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டமை இதனை உணர்த்தும்.

இம்மூன்று எடுத்துக்காட்டுகளிலிருந்தும் ஒரு நெறியைப் பெறலாம். ஒருவர் ஒரு செயலைச் செய்யவேண்டும் எனக் கூறுதல், அவர் அதனைச் செய்ய இயலும் என்பதை முன்கொள்கின்றது என்பர் அறவியலார். காண்டின் பெயரோடு சேர்த்து வழங்கும் இக்கோட்பாட்டை இன்னும் ஒருபடி விரிக்க வேண்டியுள்ளது. ஒரு செயலுக்கு விடைகூற வேண்டியவர் எவரோ, அவர் அச்செயலை உணரக்கூடியவராகவும் இருத்தல் வேண்டும். உணர்வு என்பது பொறுப்புக்கு மேலே பூசப்பட்ட வண்ணமன்று; பொறுப்பு நிற்கும் தரை. பாரத்தைச் சுமப்பவனின் கண்ணைக் கட்டிவிட்டு, இடறியதற்காக அவனைக் கடிதல் அநீதி. அதுபோன்றே பொறுப்பை மனிதனிடம் வைத்துக்கொண்டு, அப்பொறுப்பை நிறைவேற்றற்குரிய உணர்வை அவன் கையிலிருந்து எடுத்துவிடும் வடிவமைப்பும் அநீதியுடையது. அதனை வெறும் வசதிக்குறைவு எனல் போதாது.

இதற்கு எதிராக வலுவான தடையொன்று எழுப்பப்படலாம். உடலுணர்வு நம்பத்தக்கதா? முகிலினுட் புகுந்த விமானியின் உட்செவி அவரை ஏமாற்றுகின்றது. விமானம் சாய்ந்து வளைந்து செல்கையிலும் நேராகச் செல்வதாக அவர் உடல் உணரும். அவ்வுணர்வை நம்பியோர் பலர் மாண்டனர். எனவே உடலை நம்பற்க, கருவியையே நம்புக என அவர்களுக்குப் பயிற்றப்படுகின்றது. இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் அது நிறுவுவது யாது? உடலறிவும் ஏனைய அறிவுகளைப் போலப் பிழைபடக்கூடியது என்பதையே. கண்ணும் பிழைபடும், கணிப்பும் பிழைபடும், 447ஆம் இலக்க விமானத்திற் பிழைபட்டது அளவுகருவியே. பிழைபடும் சாட்சியை மற்றச் சாட்சிகளோடு ஒப்புநோக்குதல் முறையே தவிர, அச்சாட்சியை மன்றிலிருந்து வெளியேற்றுதல் முறையன்று. சாட்சிகள் பலவாக இருக்கையிலேயே பிழை வெளிப்படும்.

இரண்டாவது தடை நுட்பமானது. மின்னணுச் சாதனம் கைக்கு அளிக்கும் உணர்வு செயற்கையானது. அது ஒருவகைப் பொய்யன்றோ என வினவலாம். பெரிய விமானங்களில் நீரியல் விசையால் இறக்கைப் பலகைகள் அசைக்கப்படத் தொடங்கியபோது, காற்றின் எதிர்ப்பு விமானியின் கையை எட்டாது போயிற்று. அவ்வெதிர்ப்பைப் போலியாக உண்டாக்கும் பொறியமைப்பைப் பொறியியலாளர் செலுத்துகோலிற் சேர்த்தனர். வேகம் மிகுந்தால் கோலும் கடினமாகும். இது பொய்யெனின் மொழியும் பொய்யே. ‘நெருப்பு’ என்னுஞ் சொல் சுடுவதில்லை. ஆயினும் நெருப்பு உள்ளவிடத்து அச்சொல்லைக் கூறுபவன் உண்மையே கூறுகின்றான். செயற்கையுணர்வும் ஒரு மொழியாகும். அது பொருளின் உண்மை நிலைக்கேற்ப மாறுமாயின் மெய்கூறுகின்றது. மாறாது மகிழ்விப்பதற்கென்றே அதிருமாயின் பொய்கூறுகின்றது. வடிவமைப்பவரின் நேர்மை இவ்விடத்தில் சோதிக்கப்படுகின்றது.

இனி, ‘உடல்’ என ஒருமையிற் பேசுவது பொருந்துமா என்பதும் ஆராயப்படல் வேண்டும். மனிதவுடல் என ஒன்றில்லை. மனிதரின் உடல்கள் உள. ஐரிஸ் மேரியன் யங் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் 1980இல் எழுதிய கட்டுரையொன்றில், பெண்கள் தம் உடலை முழுமையாகப் பயன்படுத்தத் தயங்கி அசைவது இயற்கையால் வந்ததன்று, சமூகம் பயிற்றியது என எடுத்துக்காட்டினார். மேர்லோ பொன்ரி கூறிய உடல் எவருடைய உடல் என்னும் வினாவை அது எழுப்பிற்று. இவ்வினா கருவிகளையும் விட்டுவைக்கவில்லை. விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவை ஒளியின்மூலம் அறியும் கருவி, கருநிறத் தோலுடைய நோயாளரிடத்தில் ஆபத்தான ஒட்சிசன் குறைவை அடிக்கடி காணத் தவறுகின்றதென 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. அளவுகோலாகக் கொள்ளப்பட்ட உடல் யாருடையது என்பதை அக்கருவி தன்னையறியாமலே வெளியிட்டுவிட்டது.

மாறாக, உடல் வாழும் முறையிலிருந்து தொடங்கிய ஆக்கத்திற்கு ‘ஜெய்ப்பூர் கால்’ எடுத்துக்காட்டாகும். அது இடைவினைப் பொறியன்றெனினும், அதன் பாடம் இங்குப் பொருந்தும். 1960களின் இறுதியில் ராம்சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி. கே. சேத்தி என்னும் மருத்துவரும் ஜெய்ப்பூர் நகரில் அதனை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைக்கால் சப்பாத்து அணிந்து கதிரையில் அமர்வோர்க்கென ஆக்கப்பட்டிருந்தது. குந்தியிருக்கவும் சம்மணமிடவும் வெறுங்காலுடன் சேற்றில் நடக்கவும் வேண்டிய உழவனுக்கு அது உதவவில்லை. ஜெய்ப்பூர் கால் இறப்பரால் ஆகி, அவ்வசைவுகள் அனைத்துக்கும் இடங்கொடுத்தது. போரினாற் காலிழந்தோர்க்கு இலங்கையிலும், சிறப்பாக யாழ்ப்பாணத்திலும், அது துணைபுரிந்தமை பலரறிந்தது. இதனால் பெறப்படுவது யாதெனின், உடலை மதித்தல் என்பது எல்லோரையும் மிகுதியாக அசையச் செய்தல் அன்று; ஒவ்வோர் உடலும் தன்வழியில் உலகை எட்ட இடமளித்தலே. கையசைக்க இயலாதார்க்குக் கண்ணசைவாற் கணினியை இயக்கும் வழிசெய்தலும், பார்வையற்றார்க்குத் திரையைக் குரலால் வாசித்துக்காட்டுதலும் இந்நெறிக்கு மாறானவையல்ல, இந்நெறியின் நிறைவேற்றங்களே.

உடலைப் புறக்கணித்தலின் குற்றத்தை எடுத்துரைத்தபின், உடலைக் கவனித்தலின் ஆபத்தையும் கூறாதுவிடின் ஆராய்ச்சி ஒருதலைப்பட்சமாகும். இன்று சாதனங்கள் உடலை மறந்துவிடவில்லை. இடைவிடாது அதனை அளக்கின்றன. மணிக்கட்டிற் கட்டப்படும் கருவி நாடித்துடிப்பை எண்ணுகின்றது. நடந்த அடிகளைக் கணக்கிடுகின்றது. நெடுநேரம் அமர்ந்திருந்தால் மணிக்கட்டைத் தட்டி எழுந்து நிற்கச் சொல்கின்றது. இதனாற் பயனடைவோர் பலர். எனினும் களைப்புற்ற ஒருவர் தாம் நன்கு உறங்கினாரா என்பதை அறியத் தம் உடலை வினவாது கருவியை நோக்குவாராயின், அங்கே ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டது. உடல் அறியும் நிலையிலிருந்து அறியப்படும் நிலைக்கு இறங்கிவிட்டது. முன்னைய வடிவமைப்பு உடலை வாய்பேசாததாக்கிற்று. இது உடலுக்குப் பதிலாகத் தானே பேசுகின்றது. இரண்டிலும் உடலின் குரல் கேட்பதில்லை.

இதற்கு மாற்றுவழியொன்று சுவீடன் நாட்டில் தேடப்பட்டுள்ளது. அமெரிக்க மெய்யியலாளர் றிச்சட் ஷுஸ்டர்மன், உடலுணர்வைப் பண்படுத்துதலும் மெய்யியலின் பணியே எனக் கொண்டு, ‘உடலழகியல்’ எனக் கூறத்தக்க துறையொன்றை 1990களில் முன்வைத்தார். ஸ்டொக்ஹோமிலுள்ள அரச தொழில்நுட்ப நிறுவகத்தைச் சார்ந்த கிறிஸ்டினா ஹூக் அக்கருத்தை வடிவமைப்புக்குக் கொணர்ந்து, 2018இல் ‘உடலுடன் வடிவமைத்தல்’ என்னும் நூலை வெளியிட்டார். அவர்தம் குழுவினர் ஆக்கிய பாயொன்றிற் படுத்திருப்பவரின் உடலின் வெவ்வேறு பகுதிகளின்கீழ் மெல்லிய வெப்பம் மாறிமாறித் தோன்றும். கவனம் அப்பகுதிக்குச் செல்லும். அவர்கள் ஆக்கிய விளக்கொன்று படுத்திருப்பவரின் மூச்சுக்கேற்ப ஒளிகூடிக் குறையும். இவை எண்களைக் காட்டுவதில்லை. இவ்வளவு மூச்சுவிடுக எனக் கட்டளையிடுவதுமில்லை. உடலுக்குரியவர் தம் உடலைத் தாமே கவனிக்க வழிவிடுகின்றன. அவற்றை ஆக்குவோரும் முதலில் தம் உடலிற் பழகிப் பார்த்தே ஆக்கவேண்டும் என்பது அவர் வற்புறுத்தும் முறை. மேசையில் அமர்ந்து பிறர் உடலைக் கற்பனை செய்வோர்க்கு இது நல்லதோர் எச்சரிக்கையாகும். ஆயினும் ஆக்குபவரின் உடல் அனைவரின் உடலுமன்று என்பதையும் இதனோடு சேர்த்தே கொள்ளல் வேண்டும்.

ஆகவே, ஒரு சாதனத்தின் அறத்தகுதியை மதிப்பிடுதற்கு ஒரு வினா போதுமெனத் தோன்றுகின்றது. அதனைப் பயன்படுத்தியவர், அதனைக் கீழே வைத்தபின் முன்னிலும் மிகுதியாக உணரவல்லவராக உள்ளாரா, அன்றிக் குறைவாகவா? பார்வையற்றவரின் தடி அவரது கையைத் தரைவரை நீட்டுகின்றது. இணைந்த செலுத்துகோல் ஒருவரின் கையை மற்றவரின் கைக்கு நீட்டுகின்றது. உறக்கத்தை அறிவிக்கும் கருவியோ, தவறாகப் பயன்படின், மனிதனை அவன் உடலிலிருந்தே விலக்குகின்றது. பொறிகள் விரைவாலும் ஆற்றலாலும் மதிப்பிடப்படும் காலம் இது. அவற்றோடு, அவை மனிதனை எத்துணை உணர்வுடையவனாக விட்டுச்செல்கின்றன என்பதும் அளவுகோலாதல் வேண்டும்.

எலிசபெத் எழுப்பிய வினா இன்றும் முடிவுபெறவில்லை. உள்ளம் உடலை அசைப்பது எவ்வாறென அவர் மெய்யியலாளரிடம் வினவினார். இன்று அவ்வினா பொறியியலாளரிடமும் கேட்கப்படல் வேண்டும். ஏனெனில் உள்ளத்துக்கும் உலகுக்குமிடையில் உடல் நின்ற இடத்திற் பல வேளைகளில் அவர்தம் ஆக்கம் நிற்கின்றது. அவ்விடத்தில் நிற்கும் இயந்திரப் பொறி, ஐம்பொறிகள் ஆற்றிவந்த கடமையையும் ஏற்றுக்கொண்டதாகும். உலகின் நிலையை உள்ளவாறு மனிதனுக்கு உணர்த்துதல் அக்கடமை. அதனை நிறைவேற்றும் பொறியிடத்து மட்டுமே மெய் என்னுஞ் சொல்லின் இரு பொருள்களும் ஒருங்கே பொருந்தும்.